தொட்டியின் அடியில் மூன்று உத்தரணி

பூவாலங்குடி அடியார் கூட்டத்தின் வீட்டுவண்டி, முப்பத்தொரு பங்குனிகளில் சோழநாட்டுக் கோயில்களையும் நடுநாட்டுக் கோயில்களையும் பாண்டிநாட்டுக் கோயில்களையும் சளைக்காமல் சுற்றி வந்த அந்த வண்டி, முப்பத்திரண்டாம் பயணத்துக்குப் பதினெட்டு நாள் இருக்கையில், வெள்ளோட்டம் பார்க்கப் போன இடத்தில், குடமுருட்டிப் பாலத்தின் நட்டநடுவில் மூன்று முறை இருமி, நான்காம் முறை விக்கி, அதன்பின் மூச்சற்று நின்றது. அதைத் தள்ளிக்கொண்டு போய்ச் சிக்கந்தரின் பட்டறையில் வாகைமரத்தின் கீழ் நிறுத்தினார்கள்.

அந்த வண்டி ஒரு காலத்தில் ஊர் ஊராகப் போய்க் கண்புரை பார்த்த நடமாடும் மருத்துவமனை. அது ஏலத்துக்கு வந்தபோது எடுத்தவர் ஆபத்சகாயம். அப்போது அவருக்கு நாற்பத்தாறு வயது. குரல் கோயில் மணி. வயிறுதான் ஏழு மாதமாக அவர் சொற்படி கேட்கவில்லை. உட்காரமுடியாத உடம்பைப் படுத்தபடியாவது சிவத்தலங்களுக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்று, நோயாளிகளின் நாற்காலியைப் பிடுங்கிவிட்டுக் கட்டில் போட்டார். மருந்து அலமாரியில் அரிசியும் பருப்பும் அடுப்பும் வைத்தார். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் சின்ன மரமாடம் ஒன்றில் சுவாமியை எழுந்தருளச் செய்தார். புறப்படும் நாளில் அவருக்கு ஓர் எண்ணம் தோன்றியது. நம்மைச் சுமக்கிற இதுவும் ஓர் அடியார்தானே, நாம் குடிக்கும் தீர்த்தம் இதற்கு மட்டும் இல்லையா என்று கேட்டுவிட்டு, அபிஷேகத் தீர்த்தத்தில் ஓர் உத்தரணி எடுத்து, மனத்துக்குள் ஒன்றை வேண்டிக்கொண்டு, டீசல் தொட்டியின் வாயில் ஊற்றினார். இரண்டாம் உத்தரணியை அவர் மனைவி தையல்நாயகி ஊற்றினார். மூன்றாவதைத் தம்பி மாசிலாமணி ஊற்றினார். முதற்பயணத்தில் அவர்கள் மூவரே. திரும்பி வந்த பன்னிரண்டாம் நாள் ஆபத்சகாயம் சிவபதம் அடைந்தார்; வழக்கம் மட்டும் தங்கிவிட்டது. பிறகு கூட்டம் பன்னிரண்டு பேராகப் பெருகியது. ஆண்டுதோறும் புறப்படும் நேரத்தில் ஆளுக்கோர் உத்தரணி, ஆளுக்கோர் வேண்டுதல். டீசலில் தண்ணீர் விடலாகாது என்று தயங்கிச் சொன்ன ஓட்டுநர்களுக்கு, அது தண்ணீர் அன்று என்று பதில் சொல்லப்பட்டது.

சிக்கந்தர் வண்டிக்கு அடியில் படுத்து வெளியே வந்தபோது அவர் முகம் கோணியிருந்தது.

“ஐயா, டேங்குக்குள்ள என்ன ஊத்துனீங்க?”

“தீர்த்தம்,” என்றார் மாசிலாமணி.

“தண்ணியா?”

“தண்ணியில்லை பாய். தீர்த்தம்.”

“அது எஞ்சினுக்குத் தெரியுமாய்யா?”

மாசிலாமணிக்கு எழுபத்திரண்டு வயது. அண்ணனுக்குப் பின் தாளமும் முன்னிருக்கையும் முதற்பாட்டும் அவரிடம் வந்து முப்பத்தொரு ஆண்டு ஆகியிருந்தது. நாளுக்கு மூன்று முறை குளிப்பவர். பிறர் வீட்டுத் தம்ளரில் வாய் வைக்காதவர். சாக்கடை ஓரமாகப் போக நேர்ந்தால் தோளில் கிடக்கும் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்ச்சாரிக்கு நடப்பவர். அருவருப்பே ஆசாரத்தின் வேர் என்பது அவர் கொள்கை. அவருக்கு இருப்பது கோயில் மூக்கு என்று ஊரார் சொல்வதை அவர் மறுத்ததில்லை. அன்றும் துண்டு மூக்கின்மேல் இருந்தது.

தொட்டியை இறக்க ஒரு பகல் முழுதும் ஆயிற்று. சிக்கந்தர் மிச்சமிருந்த டீசலை வடித்தார், குழாய்களைக் கழற்றினார், ஜாக்கி வைத்துத் தாங்கிக்கொண்டு, துருவேறிய போல்ட்டுகளைத் தட்டித் தட்டித் தளர்த்தினார், தொட்டியைக் கட்டியிருந்த இரும்புப் பட்டைகளில் ஒன்று அவர் ஸ்பேனர் பட்ட மாத்திரத்தில் அப்பளம்போல் ஒடிந்தது. “வடிச்ச டேங்கு இப்படிக் கனக்காதே,” என்று முனகினார். நான்கு பேர் பிடித்து வாகைமரத்தடியில் வைத்தார்கள். உள்ளே டீசல் அளவு காட்டும் மிதவையைப் பிடுங்கியபோதுதான் அந்த நாற்றம் முதன்முதலாக ஊருக்குள் வந்தது. அழுகிய முட்டையும், செத்த எலியும், சாமி படத்திலிருந்து எடுக்க மறந்த மாலையும், நோயாளி கிடக்கும் அறையில் மூடி வைத்த பாத்திரமும் ஒன்றாகக் கலந்த நாற்றம். வாகைமரத்துக் காக்கைகள் எழுந்து போயின. தெருக்கோடியில் காய்ந்துகொண்டிருந்த பால் திரிந்தது.

நெருப்புப் பக்கமே போகாமல், உளியும் சுத்தியலுமாக மேல்தகட்டை வெட்டித் திறந்தார் சிக்கந்தர். உள்ளே பாதித் தொட்டிக்குக் கறுப்பாக ஒன்று உறைந்து கிடந்தது. டீசலும் தண்ணீரும் சேரும் இடத்தில் பிடிக்கும் பாசிதான் அது. எந்தப் பட்டறையிலும் பார்க்கக் கூடியதுதான். ஆனால் அடுக்கடுக்காக, ஆண்டுக்கோர் அடுக்காக, முப்பத்தொரு அடுக்கு, கறிக்கடைப் பலகையில் கட்டிய இரத்தம்போல் பளபளவென்று நடுங்கியது. சுவர்ப்பட்டி தேய்க்கும் தகட்டை மேலடுக்கின் ஓரத்தில் செருகிச் சிக்கந்தர் ஒரு துண்டைத் தூக்கினார். அது பேசியது. பங்கஜவல்லியின் குரலில் பேசியது.

“என் மருமக தம்பிக்குப் பார்த்திருக்கிற அந்தப் பொண்ணு அமையாமப் போகட்டும் சுவாமி. அவங்க வீட்டுக்கு மட்டும் எல்லாம் நல்லதா நடக்குது.”

சொல்லி முடித்ததும் துண்டு வெறும் சேறாகி வாளியில் விழுந்தது.

பங்கஜவல்லி அங்கேயே, மோர்ப்பானையோடு நின்றிருந்தார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். “அது போன வருஷம் சொன்னது,” என்றார் பங்கஜவல்லி. “அதான் அமைஞ்சிடுச்சே. கல்யாணத்துக்கு நான் ரெண்டு நாள் முன்னாடியே போய்ப் பூசணிக்காய் நறுக்குனேன், கேட்டுப்பாருங்க.” பிறகு மோர் ஊற்றினார். எவரும் குடிக்கவில்லை.

அடுத்த துண்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சட்டநாதனுடையது. பக்கத்து வீட்டுக் கிணறு வற்ற வேண்டும் என்று அது கேட்டது. அதற்கடுத்தது இன்னொருவருடையது; தன் தம்பிமகனுக்கு அரசாங்க வேலை கிடைக்கக்கூடாது என்றும், கிடைத்தே தீருமென்றால் தண்ணீரில்லாத ஊருக்கு மாற்றலாக வேண்டும் என்றும் விவரமாகக் கேட்டது. நான்காவது துண்டு மாசிலாமணியின் குரலில், தாள லயத்தோடு, “எல்லாரும் நன்றாயிருக்க வேண்டும், உலகம் செழிக்க வேண்டும்,” என்றது. கூட்டம் பெருமூச்சு விட்டுக் கைகூப்பியது. மாசிலாமணி கூப்பவில்லை. ஏனெனில் அவர் கணக்குத் தெரிந்தவர்: மேலே இருப்பது போன ஆண்டு, அடியில் இருப்பது முதலாண்டு, முதலாண்டில் தான் கேட்டது என்னவென்று அவருக்கு ஒரு சொல் விடாமல் நினைவிருந்தது.

முப்பத்தொரு ஆண்டுக்கு முன் ஒரு பங்குனிக் காலையில், உத்தரணியைக் கையில் வைத்துக்கொண்டு, கட்டிலில் கிடந்த அண்ணனிடமிருந்து வீசிய வாடைக்கு மூச்சை அடக்கியபடி அவர் வேண்டிக்கொண்டது இது: அண்ணனுடைய இந்த நாறும் உடம்பு சீக்கிரம் போய்ச் சேரட்டும்; அவர் தாளமும் முதற்பாட்டும் எனக்கு வரட்டும். வேண்டியபடியே நடந்தது. நடந்ததில் நடுங்கிப்போன அவர், அடுத்த ஆண்டிலிருந்து உலகத்துக்காக மட்டுமே வேண்டினார். முப்பது ஆண்டும் ஒரே வாசகம்.

மறுநாள் விடிந்ததும் பட்டறைக்குப் போய், “பாய், இந்தக் கண்றாவி போதும். ஆசிட் ஊத்தி ஒரே அலசா அலசிடுங்க,” என்றார்.

“எனக்கும் அதான் சுலபம். ஆனா அம்மா சொல்லணும்யா. ஆர்சி புக்குல அவங்க பேருல்ல இருக்கு.”

அம்மா ஏற்கெனவே வந்திருந்தார். தையல்நாயகி, மெலிந்த, உயரமான, எழுபத்துநான்கு வயது மனுஷி, கழற்றிப் போட்ட டயர் ஒன்றின்மேல், மூக்கை மூடாமல், பேருந்துக்குக் காத்திருப்பவர்போல் உட்கார்ந்திருந்தார்.

“ஆசிட்டெல்லாம் வேண்டாம் தம்பி. அவரு குரல் அடியில கெடக்கு. அந்தக் காலத்துல அதை டேப்புல புடிச்சு வைக்கணும்னு நம்ம யாருக்குத் தோணுச்சு? ஒரே ஒரு வார்த்தை கேட்டுட்டேன்னா அப்புறம் எதை வேணா ஊத்திக் கழுவுங்க.”

“அண்ணி, ஊர் மானம் போகுது.”

“போறது ஊர் மானந்தானே? போகட்டும். நீங்க ஏன் வேர்க்கறீங்க? உங்களோடதுதான் தங்கமா வருதே.”

ஆகவே சுரண்டல் நடந்தது. நாளைக்கு நாலு ஆண்டு வீதம் சிக்கந்தர் சுரண்டினார். நாளைக்கு நாலு ஆண்டு வீதம் பூவாலங்குடி பின்னோக்கிப் போனது. முதல்நாள் எல்லாரும் வெட்கப்பட்டுக் கதவடைத்துக்கொண்டார்கள். இரண்டாம்நாள் சம்பந்திகள் இருவர் வாகைமரத்தடியில் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாம்நாள் நாற்காலி கொண்டுவந்தார்கள். நான்காம்நாள் சுண்டல் விற்பவர் கோயில் வாசலிலிருந்து பட்டறை வாசலுக்கு இடம் மாறினார். நாற்றத்துக்கு நடுவே மாங்காய்த் துண்டு தூவிய சுண்டலை ஊர் மென்றது. ஐந்தாம்நாள், “உங்க பேரு இன்னிக்கு வருதாமே?” என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டார்கள். பயணத்துக்கு வராதவர்களுக்கு, எவருடைய வேண்டுதலிலும் தங்கள் பெயர் வரவில்லையென்றால் ஒரு குறையாகவே இருந்தது. நன்னிலத்திலிருந்து ஓர் அம்மாள், இருபது ஆண்டுக்கு முன் தன் தலைச்சன் பிள்ளைப்பேற்றை ஓரகத்தி என்ன சொல்லிச் சபித்தாள் என்பதைச் சொந்தக் காதால் கேட்கவேண்டும் என்று பேருந்தில் வந்து, கேட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க பாய்,” என்றார்.

“ஒரு தடவைதாம்மா சொல்லும். அப்புறம் அது வெறுஞ்சேறு.”

நல்ல வேண்டுதல்களும் இடையிடையே வந்தன. ஒரு குழந்தையின் காய்ச்சல் இறங்க வேண்டும். தையல்நாயகியின் முழங்கால் வலி குறைய வேண்டும். வண்டி வழியில் நிற்கக்கூடாது. அவை வந்தபோது கூட்டம் கொட்டாவி விட்டது. மாசிலாமணியின் துண்டு ஆண்டுக்கொரு முறை வந்து உலகத்தை வாழ்த்தியது. கேட்டவர்கள் வழக்கம்போல் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சிக்கந்தர் மட்டும், “எல்லா வருஷமும் அதே வார்த்தை, அச்சடிச்ச மாதிரி,” என்று தகட்டைத் துடைத்தார்.

வாளியில் சேர்ந்த சேற்றைக் குழியில் கொட்டுவதற்குமுன் ஊரார் கேட்டு வாங்கிப் போனார்கள். இவ்வளவு கண்ணேறு ஒன்றாக உறைந்த பொருள் வேறு கண்ணேற்றை அண்டவிடாது என்று சட்டநாதன் கண்டுபிடித்துச் சொன்னார். மருந்துப் புட்டிகளிலும் ஊறுகாய்ச் சாடிகளிலும் அடைத்து, எலுமிச்சையும் மிளகாயும் கட்டிய நிலைப்படிகளில் அதையும் கட்டித் தொங்கவிட்டார்கள். வீட்டுக்கு வீடு அந்த நாற்றம் ஊசலாடியது. தலையில் வைத்த மல்லிகை அப்படி நாறியது. நெற்றியில் இட்ட நீறு அப்படி நாறியது. மாசிலாமணி தெருவில் போகும்போது, ஒவ்வொரு வாசலிலும் ஒவ்வொருவரின் மலத்தைத் தொங்கவிட்டதுபோல் குமட்டிற்று. இவர்களோடா முப்பது ஆண்டு ஒரே பாயில் உட்கார்ந்து பாடினோம், இவர்கள் கையால் தொட்ட திருநீற்றையா வாங்கிப் பூசினோம் என்று எண்ணி எண்ணி வீட்டுக் கிணற்றடியில் குடம் குடமாக ஊற்றிக்கொண்டார். ஊற்றிக்கொள்ளும்போதெல்லாம் இன்னும் எத்தனை அடுக்கு என்று எண்ணவும் செய்தார். பதினைந்து. பதினொன்று. ஏழு. மூன்று.

ஒன்பதாம்நாள் காலையில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. அந்த அடுக்கில் மூன்றே உத்தரணி. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று படலம். மேலே கடைசியாக ஊற்றியவர், அடியில் முதலில் ஊற்றியவர். அண்ணனின் குரலைக் கேட்க வேண்டுமானால் தம்பியின் குரலைக் கடந்துதான் போக வேண்டும்.

மாசிலாமணி குளித்து, நீறு பூசி, உருத்திராக்கத்தைத் திருத்திக்கொண்டு வந்தார். “இந்த அடுக்கை நானே எடுக்கிறேன். என் அண்ணன் கைபட்ட தீர்த்தம். வேறு கை படலாகாது,” என்றார். சாக்கடையைக் கண்டால் தெருவைக் கடப்பவர் அந்தத் தொட்டிக்குள் கைவிடப்போகிறார் என்பதைக் கண்டு கூட்டம் நெகிழ்ந்தது. அவருடைய திட்டம் எளியது. மேற்படலத்தை எடுத்து, அது வாய்திறக்குமுன், அலசுவதற்காகப் பக்கத்தில் வைத்திருந்த ஆசிட் வாளியில் போட்டுவிடுவது. கை தவறிவிட்டது என்று வருந்துவது. மூக்கிலிருந்து துண்டை எடுத்தார், குனிந்தார், விரல்களை நுழைத்தார். பால் ஆறினபின் படியும் ஆடை அளவே கனமுள்ள கறுத்த தோல் ஒன்று, வெதுவெதுப்பாக, உயிருள்ளதுபோல் அவர் விரல்களில் ஒட்டிக்கொண்டு வந்தது. நாற்பத்தொரு வயதுக் குரலில் “அண்ண…” என்று தொடங்கியது. அவர் வாளிப் பக்கம் திரும்பினார். வாளி அங்கே இல்லை. ஐயாவின் வேட்டியில் தெறித்துவிடக் கூடாதே என்று சிக்கந்தர் அதை வண்டிக்கடியில் நகர்த்தி வைத்திருந்தார்.

வேறு வழி தோன்றாமல் மாசிலாமணி அதை வாயில் போட்டுக்கொண்டார்.

துருவும், அழுகலும், முப்பத்தொரு ஆண்டு எண்ணெயும் நாவில் கரைந்தன. அவற்றுக்கும் அடியில் அவருக்கு நன்கு தெரிந்த ஒரு வாடை இருந்தது. கட்டிலுக்கடியில் இருந்த அண்ணனின் வாளி. விழுங்கினார். அது இறங்கவில்லை. தொண்டைக்குழியில் போய் ஒட்டிக்கொண்டு நின்றது.

“ஆலகாலம்!” என்று அலறினார் சட்டநாதன். “பாற்கடல்ல எழுந்த நஞ்சை அந்தப் பரமன் உண்டான், நம்ம ஊர் நஞ்சை நம்ம ஐயா உண்டுட்டார்! நீலகண்டம்! நீலகண்டம்!” நாற்காலிகள் சரிந்தன. கூட்டம் மொத்தமும் டீசல் ஊறிய மண்ணில் விழுந்து கும்பிட்டது. மாசிலாமணி கன்னம் உப்ப, வாயை இறுக மூடிக்கொண்டு நின்றார், மறுக்கவில்லை.

ஒன்பது நாளில் முதன்முறையாகத் தையல்நாயகி டயரிலிருந்து எழுந்தார். “தள்ளுங்க தம்பி. மீதியை நான் எடுக்கறேன்,” என்று சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு குனிந்தார். இரண்டாம் படலம் அவருடைய குரலில், களைத்த குரலில் பேசியது:

“இவரைக் கூப்பிட்டுக்கோ சுவாமி. என்னால முடியல. எத்தனை கழுவினாலும் கை நாறுது. சோறு பிசைய முடியல.”

மண்ணில் கிடந்தவர்கள் தலையைத் தூக்கினார்கள். அவர் சேற்றை உதறினார்.

“நான்தான் கேட்டேன். ஏழு மாசம் அந்த வாளியை எடுத்தேன், ஒரு நாள் கேட்டேன். அவன் குடுத்துட்டான். அதுக்காக அழுதும் இருக்கேன், அப்பாடான்னு படுத்துத் தூங்கியும் இருக்கேன். இதுல ஒளிக்க என்ன இருக்கு?”

பிறகு அடித்தகட்டில் ஒட்டிக் கிடந்த கடைசிப் படலத்தை நகத்தால் மெல்ல உரித்து, காதருகே வைத்துக்கொண்டார். ஆனால் அந்தக் குரல் எல்லாருக்கும் கேட்டது. நோயில் நைந்திருந்தாலும் கோயில் மணிதான் அது.

“சுவாமி, வழியில என் வயிறு கெட்டா, இவ முழிச்சிருக்கிற நேரமாப் பார்த்துக் கெடட்டும். தம்பி கைக்கு வாளி போகவேண்டாம். அவன் கூச்சக்காரன். மூக்கைப் பொத்திக்கிட்டு நிப்பான், ஒண்ணும் சொல்லவும் மாட்டான். பாவம்.”

தையல்நாயகிக்குச் சிரிப்பு வந்தது. “பாருங்களேன், இந்த மனுஷன் இதைப் போயா கேட்டாரு!” என்று சிரித்தார், சிரித்துக்கொண்டே தொட்டியின் விளிம்பைப் பிடித்து உட்கார்ந்தார், சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று எவராலும் சொல்லமுடியவில்லை. தொண்டையில் அடைத்துக்கொண்டிருந்ததைத் தாண்டி மாசிலாமணியால் உமிழ்நீரைக்கூட விழுங்க முடியவில்லை.

அதன்பின் அது ஒரு தொட்டி மட்டுமே. சிக்கந்தர் ஆசிட்டில் அலசினார். சரளையும் சங்கிலியும் சோப்புத் தண்ணீரும் போட்டு உருட்டினார். மூன்று நாள் வெயிலில் காயவைத்தார். ஊசித்துளைகளைப் பற்றவைத்து அடைத்தார். மேல்தகட்டை மறுபடி மூடி, காற்றடைத்து, சோப்பு நுரை தடவி எங்கும் குமிழி வரவில்லை என்று பார்த்துக்கொண்டார். ரெட் ஆக்சைடு இரண்டு பூச்சு, அதன்மேல் கறுப்பு ஒரு பூச்சு. புதுப் பட்டைகளால் கட்டி வண்டியில் ஏற்றினார். மூடிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தையல்நாயகியிடம் கொடுத்தார். “அம்மா, சொல்லிட்டேன். தீர்த்தமோ தண்ணியோ, ஒரு சொட்டு உள்ள போச்சுன்னா நான் இந்த வண்டியைத் தொடமாட்டேன்.”

அந்த நாட்களில் மாசிலாமணி ஒரு சொல் பேசவில்லை. அதை மௌனவிரதம் என்றார்கள். அவருடைய தொண்டைக்குழியில் காசளவு கறுப்பு விழுந்தது. பெண்கள் வந்து அதற்குச் சந்தனம் இட்டார்கள். பங்கஜவல்லி பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மாசிலாமணி வாயில் வைத்த சோறெல்லாம் டீசலாக நாறியது. ஒரு முறை கொட்டாவி வந்து வாய் திறந்தபோது “அண்ண…” என்று உள்ளிருந்து கிளம்பியது. இரு கையாலும் பொத்திக்கொண்டார். இத்தனை நாளும் வாசல்தோறும் தொங்கிய புட்டிகளைப் பார்த்துக் குமட்டியவருக்கு இப்போது அவை வெகு சுத்தமாகத் தோன்றின. அவர்களுடையது வெளியே தொங்கியது. பேசி முடித்து, காற்றில் உலர்ந்துகொண்டிருந்தது. எத்தனை குடம் ஊற்றியும் கிணற்றடியில் நாறியது அவர் மட்டுமே.

புறப்படும் நாள் வந்தது. கோயில் வாசலில் வண்டி மாலையோடு நின்றது. கூட்டத்தில் மற்றப் பத்துப் பேரும் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் உத்தரணி இருந்தது.

தையல்நாயகி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வரிசையைப் பார்த்தார். “இவ்வளவுக்கு அப்புறமுமா?”

“வழக்கத்தை விட முடியுமா அம்மா?” என்றார் சட்டநாதன். “இந்த வருஷம் எல்லாரும் நல்லதாவே வேண்டிக்கறதுன்னு பேசி வச்சிருக்கோம்.”

“மேலுக்கு நல்லதா, அடியில வேறயா? தீர்த்தத்தை அவங்கவங்க வாயில ஊத்திக்குங்க. இது வண்டி.” பிறகு அவர் திரும்பினார். முன்னிருக்கையின் கதவைத் திறந்து பிடித்தபடி, தாளமும் கையுமாக, சந்தனம் பூசிய கழுத்தோடு மாசிலாமணி நின்றிருந்தார். எல்லாரும் முதற்பாட்டுக்காக அவர் வாயைப் பார்த்தார்கள். தையல்நாயகி அவர் அருகே போய், அவருக்கு மட்டும் கேட்கும்படியாக, “நீங்க எதை முழுங்குனீங்க தம்பி?” என்று கேட்டார்.

அவர் தாளத்தை மார்போடு அணைத்துக்கொண்டார்.

“பாட்டு வேணும். வாயைத் தொறந்தாத்தான் பாட்டு வரும். தொறக்கறதும் தொறக்காததும் உங்க இஷ்டம், எனக்காக வேண்டாம். ஆனா அதை உள்ள வச்சுக்கிட்டு அவரு வண்டியில ஏறாதீங்க. இப்பத்தான் கழுவியிருக்கு.”

மாசிலாமணி கைகூப்பியவர்களைப் பார்த்தார். கூப்பிய கைகளில் இருந்த உத்தரணிகளைப் பார்த்தார். பிறகு, பாடுவதற்குத் திறப்பதுபோலவே, தலையை நிமிர்த்தி, வாயை முழுதாகத் திறந்தார். நாற்பத்தொரு வயதுக் குரல், தடையற்ற, அழகான குரல், சந்நிதி வாசல்வரை கேட்கும்படி சொன்னது:

“அண்ணனுடைய இந்த நாறும் உடம்பு சீக்கிரம் போய்ச் சேரட்டும். அவர் தாளமும் முதற்பாட்டும் எனக்கு வரட்டும்.”

கறுத்த தோல் நாவின்மேல் வழுக்கி, மோவாயில் வழிந்து, மார்பில் பூசிய நீற்றைக் கரைத்துக்கொண்டு மண்ணில் விழுந்து சேறாயிற்று. விழுந்து கும்பிட்டவர்கள் மூன்றடி பின்வாங்கினார்கள். சட்டநாதன் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். “அப்ப என்னோடது பரவாயில்ல போலிருக்கே,” என்றார் பங்கஜவல்லி பக்கத்தில் இருந்தவரிடம்.

மாசிலாமணி தாளத்தை நீட்டினார். தையல்நாயகி அதை வாங்கி மரமாடத்தில் சுவாமிக்கு அருகே வைத்துவிட்டு, முன்னிருக்கையில் தாமே ஏறி உட்கார்ந்தார்.

“பின்னால ஏறிக்குங்க தம்பி. வாந்தி வந்தா, கட்டிலுக்கடியில வாளி இருக்கு. அதே வாளிதான். நான் தூக்கிப் போடல.”

அவர் பின்கதவால் ஏறி, அரிசிமூட்டைக்கும் கட்டிலுக்கும் நடுவே தரையில் உட்கார்ந்து, வாளியை மடியில் வைத்துக்கொண்டார். வண்டி ஒரே முயற்சியில் கிளம்பியது, விக்கவில்லை, இருமவில்லை. முதற்பாட்டைத் தொடங்க எவருக்கும் துணிவு வரவில்லையாதலால், டீசல் எரியும் சுத்தமான ஓசை ஒன்றே கேட்டது. குடமுருட்டிப் பாலத்தின் நட்டநடுவில் மாசிலாமணிக்குக் குமட்டியது. முப்பத்தொரு ஆண்டு விழுங்கியதெல்லாம் வருவதுபோல் வந்தது. வாளி பாதிக்குமேல் நிறைந்தது.

பாலம் தாண்டி வண்டியை நிறுத்தச் சொன்னார். பங்குனியில் வறண்ட ஆற்றில், பாலத்தடியில் மட்டும் ஒரு மடு மிஞ்சியிருந்தது. அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு படித்துறையில் இறங்கினார். தூரத்தில் குழி தோண்டிக் கொட்டி மூடினார்; மடுவோரத்தில் மணலள்ளி வாளியில் போட்டுத் தேய்த்தார். துண்டு தோளிலேயே கிடந்தது. வாடை முகத்தில் வந்து மோதியது. மூச்சை அடக்காமல் தேய்த்தார்.

மேலே சன்னலுக்கு வெளியே தலையை நீட்டித் தையல்நாயகி பார்த்துக்கொண்டிருந்தார்.

“அடியில தேயுங்க தம்பி,” என்றார். “அடியிலதான் ஒட்டியிருக்கும்.”